77 அங்குலமும் ஒரு மரப்பலகையும்

நியூயார்க்கைப் புரட்டிப்போட்ட பனிப்புயல்களை வரிசைப்படுத்தும் பட்டியல் ஒன்று குளிர்காலம்தோறும் எங்காவது கண்ணில் படும். படும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். முதலிடத்தில் 2016 ஜனவரி, 27.5 அங்குலம். அடுத்தது 2006 பிப்ரவரி, 26.9 அங்குலம். மூன்றாவது 1947 டிசம்பர். 1888 மார்ச்சில் அடித்த புயல் 21 அங்குலத்துடன் நான்காவது இடத்தில் நிற்கிறது. அதற்குப் பத்தில் ஓர் அங்குலம் மட்டுமே குறைந்து, 2010 பிப்ரவரி ஐந்தாவது. எண்களை மட்டும் படிப்பவருக்கு 1888-ம் 2010-ம் ஏறத்தாழ ஒன்றுதான்.

1888-இல் நடந்ததைக் கொஞ்சம் பார்ப்போம். மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. முதலில் மழைதான் பெய்தது. இரவில் அது பனியாக மாற, காற்றும் சேர்ந்துகொண்டது. திங்கள் காலையில் வேலைக்குக் கிளம்பியவர்கள் பலர் வீடு திரும்பவில்லை. மேம்பாலத்தில் ஓடிய ரயில்கள் பாதி வழியில் நின்றன. தெருவெங்கும் தலைக்கு மேல் தொங்கிய தந்திக் கம்பிகள் அறுந்து விழுந்தன. நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்குப் போகவேண்டிய செய்திகள் அட்லாண்டிக் கடலடிக் கம்பி வழியாக லண்டனைச் சுற்றிக்கொண்டு போயின. முன்னாள் செனட்டர் ராஸ்கோ காங்க்லிங், வண்டி கிடைக்காமல் வால் ஸ்ட்ரீட் பகுதியிலிருந்து நடந்தே கிளம்பினார். யூனியன் சதுக்கத்தருகே பனியில் சிக்கித் தடுமாறிய அவர், எப்படியோ தப்பிப் போய்ச் சேர்ந்தாலும், அடுத்த மாதமே இறந்துபோனார். வடகிழக்கு அமெரிக்கா முழுவதிலுமாக 400-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கம்பிகளையும் ரயில்களையும் நிலத்துக்கு அடியில் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சுக்கு உரம் போட்டதும் இந்தப் புயல்தான். 2006-இல் 26.9 அங்குலம் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சில நாட்களிலேயே நகரம் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

பதிவேடுகளின் மேல் பித்துக்கொண்ட மூத்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இந்தப் பேச்சை எடுத்தாலே கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். “கதை வேறு, கணக்கு வேறு தம்பி. எத்தனை அங்குலம் விழுந்தது என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.” அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று உள்ளே போய்ப் பார்த்தபிறகு, கதையைக் காட்டிலும் கணக்கின் மேல்தான் எனக்குச் சந்தேகம் கூடியிருக்கிறது.

மழையை அளப்பது எளிது. பாத்திரத்தில் விழுந்த நீர் அப்படியே இருக்கும். ஆவியாகும் சிறு அளவை விட்டுவிட்டால், காலையில் அளந்தாலும் மாலையில் அளந்தாலும் ஒரே விடைதான். பனி அப்படிப்பட்டதன்று. விழுந்த நொடியிலிருந்தே அது உருமாறத் தொடங்குகிறது. ஆறு கிளைகளோடு, இறகுபோல் வந்திறங்கும் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது கிளைகள் முறிகின்றன. நடுவில் இருந்த காற்று வெளியேறுகிறது. மேலே விழும் பனியின் எடை கீழே உள்ளதை அழுத்துகிறது. இரவில் பத்து அங்குலம் நின்றது, மேலும் பனி பெய்யாவிட்டால், விடியும்போது எட்டாகவோ ஏழாகவோ அமுங்கியிருக்கும். ஒரு துளி கூட உருகியிருக்காது. உயரம் மட்டும் போய்விட்டிருக்கும். காற்று அடித்தாலோ கேட்கவே வேண்டாம். திறந்த வெளியில் புல் தெரியும், சுவரோரத்தில் ஜன்னல் மறையும். இரண்டில் எதை அளப்பது?

இதற்காக அமெரிக்க தேசிய வானிலை சேவை ஒரு முறையை வைத்திருக்கிறது. வெள்ளைச் சாயம் பூசிய ஒரு மரப்பலகை. மரம், கட்டடம் எதுவும் மறைக்காத, அதே சமயம் காற்று நேராக வாரிக்கொண்டு போகாத இடத்தில் அதை வைக்கவேண்டும். அதன்மேல் விழுந்த பனியை அளவுகோலால் அளந்து, பலகையைத் துடைத்து, புதிய பனியின்மேல் மறுபடி வைக்கவேண்டும். துடைப்பது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. அதாவது ஒரு நாளுக்கு நான்கு அளவுகள்தான். அவற்றைக் கூட்டினால் அன்றைய பனிப்பொழிவு.

ஏன் நான்கு? இயற்கையில் இதற்கு எந்தக் காரணமும் இல்லை. அடிக்கடி துடைத்தால், பனி அமுங்குவதற்கு நேரமே கிடைக்காது. ஒவ்வொரு மணிக்கும் துடைத்து அளந்து கூட்டுபவருக்குப் பெரிய எண் கிடைக்கும். ஒரே ஒருமுறை கடைசியில் அளப்பவருக்குச் சிறிய எண். விழுந்த பனியோ ஒன்றேதான். எல்லோரும் ஒரே மாதிரி அளந்தால் ஒப்பிடலாம் என்பதற்காக எங்கோ ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கோடு ஒரு சாதனையைச் சாய்த்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. உறையாத ஏரியின்மேல் கடுங்குளிர்க் காற்று கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொள்ளும். மேட்டில் ஏறும்போது அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடும். அந்த மேகப்பட்டை ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றுவிட்டால், சில மைல் தள்ளி வெயில் அடிக்கும்போது இங்கே வீடு புதையும். 1997 ஜனவரி 11, 12 தேதிகளில் மான்டேகு என்ற சிற்றூரில் அப்படித்தான் நின்றது. அங்கிருந்த தன்னார்வப் பதிவாளர் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் என்று குறித்தார். ஆறரை அடிக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவின் அதுவரையான ஒருநாள் சாதனை 75.8 அங்குலம். சாதனை முறிந்தது என்று செய்தி பரவியது.

தட்பவெப்ப உச்சங்களை ஆராயும் தேசியக் குழு ஒன்று கூடி அதை விசாரித்தது. பதிவாளர் நேர்மையாக அளந்திருந்தார் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்குள் அவர் ஆறுமுறை அளந்திருந்தார். நான்குக்கு மேல் போய்விட்டது. ஆகவே அந்த 77 சாதனையாக ஏற்கப்படவில்லை.

இதுவரை எனக்கு மறுப்பில்லை. விதி என்றால் விதி. எனக்குச் சிரிப்பு வருவது அதற்கு அடுத்த கட்டத்தில். 77-ஐத் தள்ளிவிட்டு அரியணையில் தொடர்ந்த அந்த 75.8 எங்கிருந்து வந்தது?

கொலராடோவில், போல்டர் நகருக்கு மேற்கே, பத்தாயிரம் அடிக்கும் மேலான உயரத்தில் சில்வர் லேக் என்ற நீர்நிலை இருக்கிறது. 1921 ஏப்ரல் 14, 15 தேதிகளில் அங்கே விடாமல் பனி கொட்டியது. அளக்கப்பட்டது 27½ மணி நேரத்தில் 87 அங்குலம். அது 24 மணி நேரக் கணக்கு அன்று. மூன்றரை மணி நேரம் கூடுதல். வானிலை இதழ் ஒன்றில் 1953-இல் பால்ஹஸ் என்ற ஆய்வாளர் இந்தப் பதிவைத் துருவிப் பார்த்து, நம்பத்தக்கது என்று முடிவுக்கு வந்தார். 87-ஐ 27½-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 75.9 வரும். ஏட்டில் இருக்கும் 75.8 இப்படி விகிதம் போட்டுப் பெற்ற எண்தான். சில்வர் லேக்கில் யாரும் எந்தக் கணத்திலும் 75.8 அங்குலப் பனியைக் கண்ணால் பார்த்து அளக்கவில்லை.

ஆக, ஒருபக்கம் அளவுகோல் வைத்து அளந்த 77. கூடுதல் முறை அளந்ததால் செல்லாது. மறுபக்கம் வகுத்துப் பெருக்கி வந்த 75.8, செல்லும். பனி ஒரே சீராக மணிக்கு இத்தனை என்று விழுந்திருக்கும் என்ற அனுமானத்தின்மேல் அந்த இரண்டாவது எண் நிற்கிறது. எந்தப் பனிப்புயலும் அப்படி விழுவதில்லை. நடுவில் கொட்டும், ஓரங்களில் தணியும். அந்த 27½ மணி நேரத்தின் உச்சமான 24 மணி நேரத்தை மட்டும் பிரித்தெடுக்க முடிந்திருந்தால் 75.8-ஐவிட அதிகமாகவே கிடைத்திருக்கும். போதாக்குறைக்கு, இடையிடையே பலகையைத் துடைத்துக் கூட்டும் இன்றைய வழக்கம் அங்கே கைக்கொள்ளப்பட்டிருந்தால் எண் இன்னும் ஏறியிருக்கும். ஆகவே என் தீர்ப்பு நண்பருக்கு வியப்பளித்தது: சாதனை சில்வர் லேக்கிடமே இருக்கட்டும். மான்டேகுவில் விழுந்ததைவிட அங்கே விழுந்தது பெரிது என்றே நினைக்கிறேன். ஆனால் சரியான வெற்றியாளருக்குத் தவறான எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

பத்தில் ஓர் அங்குலத்துக்காக நடக்கும் சண்டைகள் இதைவிட வேடிக்கை. 2016 ஜனவரிப் புயல் ஓய்ந்தபோது நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் எண் 26.8 என்று அறிவிக்கப்பட்டது. 2006-இன் 26.9-ஐ முறியடிக்க ஒரு மயிரிழை போதவில்லை. பத்திரிகைகள் “மயிரிழையில் தவறிய சாதனை” என்ற தொனியில் எழுதின. மூன்று மாதங்கள் கழித்து ஒரு பரிசீலனைக் குழு, அளந்தவர்களுக்கும் அறிவித்தவர்களுக்கும் இடையே தகவல் பிசகிவிட்டது என்று கண்டறிந்து, எண்ணை 27.5 ஆக்கியது. பனி உருகிக் கடலில் கலந்து வெகுநாள் ஆனபிறகு சாதனை முறிந்தது! அதே குழு, பக்கத்து நுவார்க் விமான நிலையத்தின் 28.1 அங்குலத்தை, அளந்த முறை சரியில்லை என்று தள்ளுபடி செய்தது. வாஷிங்டனில் நடந்தது இன்னும் மோசம். ரீகன் விமான நிலையத்தில் அளவுப் பலகையே பனிக்குள் புதைந்து காணாமல் போய்விட்டது. வேறு இடங்களில் அளந்து 17.8 என்று அறிவித்தார்கள். அதே புயலில், தலைநகரின் இன்னொரு விமான நிலையமான டலஸில் (Dulles) 29.3. ஆற்றோரத் தாழ்நிலத்தில் பனி குறைவாகத் தங்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் பலகையைத் தொலைத்துவிட்டுத் தசம புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் சேர்த்துச் சொல்லும் துணிச்சல் எனக்கு வராது.

இந்த வாஷிங்டன் எண்ணை 1922-இன் எண்ணோடு ஒப்பிடுவார்கள். அந்த ஆண்டு ஜனவரி 27, 28 தேதிகளில் தலைநகரில் 28 அங்குலம் விழுந்தது. 28-ஆம் தேதி இரவு, நிக்கர்பாக்கர் திரையரங்கின் தட்டைக் கூரை பனியின் எடை தாங்காமல் படம் பார்க்க வந்தவர்கள்மேல் இடிந்து விழுந்து 98 பேர் இறந்தார்கள். புயலுக்கே அந்தத் திரையரங்கின் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போது அளந்தது நகரத்துக்குள். பிற்பாடு அதிகாரப்பூர்வ நிலையம் ஆற்றங்கரை விமான நிலையத்துக்கு மாறிவிட்டது. இடம் மாறியது, முறை மாறியது, அளப்பவர் மாறினார். பட்டியலில் மட்டும் இரண்டும் ஒரே நெடுவரிசையில் நிற்கின்றன.

பழைய எண்கள் எல்லாம் மிகைப்படுத்தியவை என்று பலர் நினைக்கிறார்கள். தாத்தா காலத்துப் பனி எப்போதுமே வீட்டுக்கூரை வரை இருந்ததாகச் சொல்லப்படுவதால் வந்த எண்ணம் இது. நினைவுகள் மிகைப்படுத்தலாம், பதிவேடுகள் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் பிழை செய்திருக்கின்றன. பழைய பதிவாளர்களில் பலர் நாளுக்கு ஒருமுறை அளந்தவர்கள். அதற்குள் பனி அமுங்கியிருக்கும். வேறு சிலர் பனியை உருக்கி, கிடைத்த நீரைப் பத்தால் பெருக்கி எழுதினார்கள். ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்பது ஈரப் பனிக்கும் உலர்ந்த பனிக்கும் நடுவே குத்துமதிப்பாகப் பிடித்த விகிதம். கனத்த ஈரப்பனியில் ஐந்து அங்குலமே ஓர் அங்குல நீராகிவிடும். கடுங்குளிரில் விழும் பஞ்சுப் பனி இருபதைத் தாண்டியும் போகும். அப்படிப்பட்ட உலர்ந்த பனி விழுந்த நாட்களில் பத்தால் பெருக்கியவர் பாதியைத் தொலைத்திருப்பார். 1888-இன் 21 அங்குலத்தை இன்றைய முறையில் அளந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்திருக்காது என்று மட்டும் பந்தயம் கட்டுவேன்.

அளவுகோல்களுக்கு முந்தைய காலத்திலும் நல்ல சாட்சிகள் உண்டு. 1772 ஜனவரி இறுதியில் வர்ஜீனியாவில் விழுந்த பனியைப் பற்றி ஜார்ஜ் வாஷிங்டனும் தாமஸ் ஜெஃபர்சனும் தனித்தனியே குறித்து வைத்தார்கள். ஜெஃபர்சன் அப்போதுதான் மணமுடித்து மனைவியோடு தன் மான்டிசெல்லோ வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். சுமார் மூன்றடி ஆழம் என்று எழுதினார். உயரமான குதிரையின் மார்பளவு என்று எழுதினார் வாஷிங்டன். இருவரும் பிற்காலத்தில் குடியரசுத் தலைவர்கள் ஆனார்கள் என்பதால் மட்டும் நான் நம்பவில்லை. வானிலையைக் குறித்துவைக்கும் பழக்கம் இருவருக்கும் இருந்தது. வழக்கமாக எழுதுகிறவன் ஒருநாள் மட்டும் மிகைப்படுத்துவதற்கு அவ்வளவு எளிதில் மயங்கமாட்டான். அவர்களுக்கு இடையே தொலைவும் கணிசமாக இருந்தது.

இன்னொரு வகைப் புயல் இருக்கிறது. எந்தப் பனிப்பொழிவுப் பட்டியலிலும் அதற்கு இடமே கிடையாது. 1977 ஜனவரி 28 அன்று பஃபலோ நகரைத் தாக்கிய புயலில் புதிதாக விழுந்த பனி ஓரடி அளவுதான். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஈரி ஏரி முன்கூட்டியே உறைந்து, அதன் பரப்பெங்கும் தூள்பனி குவிந்து கிடந்தது. மணிக்கு 69 மைல் வரை வீசிய காற்று அதை அப்படியே வாரி நகரத்தின் மேல் எறிந்தது. வானிலிருந்து விழாத பனியில் புதைந்து மக்கள் கார்களிலேயே இறந்தார்கள். 1888 ஜனவரி 12 அன்று அமெரிக்கச் சமவெளிகளில் நடந்ததும் இப்படித்தான். மார்ச் புயலுக்கு இரண்டு மாதம் முந்தியது அது. குளிர் விலகிய இதமான காலை என்று நம்பிக் கனத்த மேலாடை இல்லாமல் பள்ளிக்குப் போன குழந்தைகள், பிற்பகலில் சில நிமிடங்களுக்குள் கண்மறைத்த பனித்தூளில் வழி தவறினார்கள். 235 பேர் இறந்ததாகக் கணக்கு. எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்பதில்லை. ஈரானில் 1972 பிப்ரவரியில் ஒருவாரம் நீடித்த புயல் கிராமங்களைப் புதைத்துச் சுமார் 4,000 பேரைக் கொன்றது; வரலாற்றிலேயே மிக அதிக உயிர்களைப் பறித்த பனிப்புயல் அது. வரிசைப்பட்டியல் பிரியர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

இந்தக் குறையைப் போக்கத்தான் வானிலை ஆய்வாளர்களான பால் கோசினும் லூயிஸ் உசெலினியும் 2004-இல் ஓர் அளவீட்டை முன்வைத்தார்கள். பனியின் அளவு, அது பரவிய பரப்பு, அந்தப் பரப்பில் வாழும் மக்கள்தொகை மூன்றையும் சேர்த்து வடகிழக்கு அமெரிக்கப் புயல்களுக்கு மதிப்பெண் போடும் முறை. அதில் 1993 மார்ச் புயல் முதலிடம், 1996 ஜனவரி இரண்டாமிடம். நல்ல முயற்சி. ஆனால் காற்றுக்கு அதில் இடமில்லை; ஆளில்லாத மலையில் எவ்வளவு கொட்டினாலும் மதிப்பெண்ணும் இல்லை.

ஆளில்லாத இடம் என்றதும் பருவ மொத்தக் கணக்குகள் நினைவுக்கு வருகின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் பேக்கர் பனிச்சறுக்கு மையத்தில் 1998-99 பருவத்தில் 1,140 அங்குலம், அதுவே சாதனை. அதற்குமுன் மவுண்ட் ரெய்னியரின் பாரடைஸ் நிலையத்தில் 1971-72-இல் 1,122. இரண்டுமே சாலை போகும் இடங்கள், ஆள் இருக்கும் இடங்கள். அவற்றுக்கு மேலே, அளவுகோல் பிடிக்க ஒருவரும் இல்லாத சரிவுகளில் இதைவிட அதிகம் விழுந்திருக்காது என்று யார் சொல்வது? இத்தாலியின் கப்ரகோத்தா என்ற மலைக்கிராமத்தில் 2015 மார்ச் 5 அன்று 18 மணி நேரத்தில் 256 சென்டிமீட்டர் விழுந்ததாகச் செய்தி வந்தது. அமெரிக்காவின் ஒருநாள் சாதனையை விழுங்கிவிடும் எண். ஆனால் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்படவில்லை. படங்களில் வீட்டு வாசல்கள் மறைந்திருந்தன. அவை காற்று குவித்த மேடுகளும்தான். பனியில் புகைப்படம் சாட்சியே ஆகாது.

எனக்கு நம்பிக்கை உள்ள ஒரே வகைச் சாதனை ஆழம். நட்டு வைத்த கம்பத்தில் பனி எதுவரை நிற்கிறது என்று படித்தால் போதும். துடைப்பதில்லை, கூட்டுவதில்லை, கடிகாரம் பார்ப்பதில்லை. ஜப்பானின் இபுகி மலை, 1927 பிப்ரவரி 14, 11.82 மீட்டர். சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடந்து வந்து மலையில் மோதும் இடம்; ஒன்டாரியோ ஏரிக்கரையில் நடப்பதே இங்கே கடலளவில் நடக்கிறது. கலிபோர்னியாவின் டமராக்கில் 1911 மார்ச்சில் நின்ற 451 அங்குலம், அதாவது சுமார் 11.46 மீட்டர், அதற்கு அருகில் வருகிறது. ஆழத்திலும் காற்று விளையாடும் என்று நண்பர் உடனே மறுப்பார். விளையாடும்தான். ஆனால் அந்தப் பிழை கம்பத்தை நட்ட இடத்தோடு முடிந்துவிடுகிறது. அளந்தவரின் பொறுமையைப் பொறுத்து எண் ஏறி இறங்குவதில்லை. மீயொலி அனுப்பி எதிரொலியைக் கணக்கிடும் கருவிகள் அளப்பதும் ஆழத்தைத்தான். விழுந்த பனியை அளக்க அமெரிக்க விமான நிலையங்களில் இன்றும் மனிதர்களே பலகையும் அளவுகோலுமாக நிற்கிறார்கள்.

ஒருநாள் சாதனையை விட மனமில்லாதவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. சில்வர் லேக், 75.8 என்று எழுதும் இடத்தில், பக்கத்திலேயே “27½ மணி நேரத்தில் 87 அங்குலம்” என்றும் எழுதிவிடுங்கள். அளந்தது அந்த எண்ணைத்தான்.